பத்தொன்பதாம் வீடு

கல்முனைக்குடியில் அந்தக் காலத்தில் கலியாணத்துக்குக் கார்டு அடித்துக் கொடுக்கிற வழக்கம் இல்லை. இரண்டு பெண்கள் வெற்றிலை அடுக்கிய வட்டாத் தட்டோடு வீடு வீடாகப் போய் வாயால் சொல்ல வேண்டும். சொல்லாத வீட்டார் வரமாட்டார்கள். வராமல் விடுவதோடு முடிந்தால் பரவாயில்லை, பேரப்பிள்ளைகள் காலம் வரைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவார்கள். ஆகவே சொல்லப் போகிறவளுக்கு நாக்கும் வேண்டும், ஞாபகமும் வேண்டும். சபூறாவுக்கு இரண்டும் இருந்தன. நாக்கு கொஞ்சம் கூடிப்போய்விட்டது என்று அவளுடைய மாமி சொல்லுவாள். அது மாமியின் பாடு.

பள்ளிவாசல் மூலையில் தொடங்கிக் கடற்கரை மணல் வரைக்கும் அந்த ஒழுங்கையில் நாற்பத்தொரு வீடுகள். எந்த வீட்டில் யார் மூத்தவர், யாருக்கும் யாருக்கும் பேச்சில்லை, யாருக்கு முதலில் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் சபூறாவுக்குத் தண்ணீர்பட்ட பாடு. தச்சுவேலை செய்கிற ஓடாவி றவூபுக்குச் சொல்லிவிட்டுத்தான் அவருடைய தம்பிக்குச் சொல்ல வேண்டும். முறை மாறினால் ஓடாவியார் விருந்துக்கு வந்து, சோற்றில் கை வைக்காமல் எழும்பிப் போய்விடுவார். மற்றவர்கள் போனால் இப்படி ஏதாவது நடக்கும். சபூறா போன கலியாணத்தில் ஒரு நாளும் நடந்ததில்லை.

அவள் வாயில் வராத பெயர் ஒன்றே ஒன்றுதான். பத்தொன்பதாம் வீடு அவளுடைய புருஷன் பிறந்த வீடு. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குப் போகும், மாப்பிள்ளை அங்கே வந்து இருப்பார்; அவரும் சபூறாவின் வீட்டுக்கு அப்படி வந்தவர்தான். அவருக்குக் கூடப் பிறந்த பெண் இல்லாததால் அது அவர் பெயரிலேயே கிடந்தது. முன்பக்கத்தில் துணிக்கடை வைத்திருந்தார். பெயர் பக்கீர் முகைதீன். நான் சொல்லிவிட்டேன், எனக்கென்ன? பெண்டாட்டி சொல்லக்கூடாது. சொன்னால் புருஷனின் ஆயுள் குறையும், வீட்டில் பறக்கத்து என்கிற செழிப்பு நிற்காது. அந்த வீட்டு வாசல் படலைக்கு வந்ததும் சபூறா நாடியைச் சற்று உயர்த்திக் காட்டுவாள். வட்டா பிடித்துக்கொண்டு கூட வருகிற உம்மு பெயரைச் சொல்லுவாள். உம்மு இல்லாத இடத்தில் சபூறாவின் தம்பி சொல்லுவான். தம்பியும் இல்லாவிட்டால் வழியில் போகிற யாராவது சொல்லுவார்கள். பேச்சை அந்த இடத்தில் ஒரு பெண் நிறுத்தினால் பக்கத்தில் நிற்கிறவர் எடுத்துக்கொடுக்க வேண்டும் என்று அங்கே ஒருவருக்கும் யாரும் படிப்பித்ததில்லை. எல்லோருக்கும் தெரியும்.

ஐம்பத்து நாலாம் ஆண்டு ஒரு கலியாணத்துக்குச் சொல்லப் போன இடத்தில் அவளுடைய பேச்சு நின்றது. இருபத்தேழாம் வீட்டில், பாதிச் சொல்லில் நின்றது. வாய் ஒரு பக்கம் கோணி, வலக் கை துடித்து, வெற்றிலையும் பாக்கும் நாலு பக்கமும் சிதற விழுந்தாள். அந்த வீட்டுக்காரி முகம் வெளுத்துப்போய் நின்றாள். அதற்குப் பிறகு மாதத்துக்கு இரண்டு தரம், மூன்று தரம் வந்தது. ஜின் என்றார்கள். தண்ணீர் ஓதிக் கொடுத்தார்கள், இசிம் எழுதித் தாயத்துக் கட்டினார்கள், நாட்டு வைத்தியம் செய்கிற பரிசாரியார் மூக்கில் எதையோ ஊதினார். நுரை தள்ளுவதை மூன்று தரம் பார்த்த பக்கீர் முகைதீன், கடையில் சாமான் களவு போகிறது என்று சொல்லி ஒருநாள் இரவு பத்தொன்பதாம் வீட்டில் படுக்கப் போனார். களவு போகிற சாமானுக்கு மூன்று வருஷம் காவல் இருந்தார். தலாக்கும் சொல்லவில்லை, திரும்பியும் வரவில்லை.

பிள்ளை இல்லை. கலியாணத்துக்குச் சொல்ல ஒருவரும் கூப்பிடவில்லை. அது கூடப் பரவாயில்லை, அவளுக்கே வந்து சொல்லாமல் விட்டார்கள். உம்மு வேறொரு பெண்ணோடு வட்டா பிடித்துக்கொண்டு படலையைத் தாண்டிப் போவாள். நாற்பத்தொரு வீட்டுக்கும் வாயாக இருந்தவள் விடிந்தால் கோழியோடு கதைத்தாள், பொழுதுபட்டால் அதுவும் இல்லை. அந்த மூன்று வருஷத்தை நினைத்தால் எனக்கு ஊரின் மேல் இன்றைக்கும் கோபம் வரும்.

தம்பி மீராசா தபால் கந்தோரில் வேலை செய்தவன். வெள்ளம் வந்த ஐம்பத்தேழாம் ஆண்டு, வெள்ளத்துக்கு ஆறு மாதம் முந்தி, கல்முனை டொக்டர் ஒருவர் எழுதிக் கொடுத்த கடிதத்தோடு அவளைக் கொழும்புக்குக் கூட்டிப் போனான். சீமையில் படித்துவிட்டு வந்து தலையைத் திறந்து மருந்து செய்கிற டொக்டர் ஒருவர் அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் இருந்தார். தலைக்குள் காற்று ஏற்றிப் படம் பிடித்தார்கள். இரண்டு நாள் அவளால் தலை தூக்க முடியவில்லை. இடப் பக்கத்தில் ஒரு கட்டி, பொல்லாத கட்டி இல்லை, ஆனால் முழுதாக எடுத்தால்தான் வலிப்பு நிற்கும் என்றார்.

அந்த வார்டில் சிங்களமும் ஆங்கிலமும்தான். தமிழ் கதைத்த ஒரே ஆள் இமக்குலேற் என்ற தாதி. பிறந்தது சொறிக்கல்முனையில். தாயும் தகப்பனும் காய்ச்சலில் போய்விட, நாலு வயதில் கொழும்பில் கன்னியர் மடத்துக்கு அனுப்பப்பட்டவள். அவளுடைய தமிழ் சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு வீட்டுக்குள் பெண்டாட்டி புருஷனை எப்படிக் கூப்பிடுவாள் என்று கேட்டு வளர்ந்தவள் இல்லை. கன்னியாஸ்திரிகளிடம் அதை எங்கே கேட்பது?

டொக்டர் ஆங்கிலத்தில் சொன்னதை இமக்குலேற் தமிழாக்கினாள்.

"கதைக்கிற இடம் எல்லாருக்கும் ஒரே இடத்தில இல்லையாம் அக்கா. ஒவ்வொருத்தருக்கும் தள்ளித் தள்ளி இருக்குமாம். உங்கட கட்டி அதுக்குப் பக்கத்திலதான் இருக்காம். வெட்ட முந்தி, சின்னக் கறண்ட் கம்பியால தொட்டுத் தொட்டுப் பாப்பாராம். தொட்ட இடத்தில கதை நிண்டா அத வெட்ட மாட்டாராம்."

"அப்ப நான் முழிச்சிக்கிட்டா கிடக்கணும்?"

"ஓம். கதைச்சிக்கிட்டே இருக்கணும். மூளைக்கு நோவு தெரியாதாம்."

"கதைக்கிறது எனக்குப் பெரிய வேலையா மிஸ்ஸி? நிப்பாட்டச் சொன்னாத்தான் கஷ்டம்" என்றாள் சபூறா. மூன்று வருஷத்துக்குப் பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

டொக்டர் சீமையிலிருந்து கொண்டுவந்த படங்களை ஒவ்வொன்றாகக் காட்டி, இது என்ன, இது என்ன என்று கேட்கச் சொன்னார். நாய், கோப்பை, கதிரை எல்லாம் சரி. பனியில் உருட்டிச் செய்த மனிதனைக் காட்டினால் சபூறா என்ன சொல்லுவாள்? "மாவுல செஞ்ச பேய்" என்றாள். கூர்க் கோபுரம் வைத்த சீமை மாதாகோயிலைக் கலங்கரை விளக்கு என்றாள். டொக்டர் படங்களை மூடி வைத்துவிட்டு, இவளுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரிந்தது எது என்று கேட்டார். அப்படித்தான் நாற்பத்தொரு வீடும் ஒரு கடதாசியில் ஏறின. கட்டிலடியில் மீராசா நின்றான். சபூறா பள்ளிவாசல் மூலையிலிருந்து சொல்லிக்கொண்டு வந்தாள், இமக்குலேற் எழுதினாள். பதினெட்டு முடிந்ததும் சபூறா நாடியை உயர்த்தினாள். "பக்கீர் முகைதீன்" என்றான் மீராசா, கதவைத் திறந்து விடுகிறவனைப் போல, யோசிக்காமல். இமக்குலேற் எழுதினாள். சபூறா இருபதாவதைச் சொன்னாள். மூன்று பேரில் ஒருவருக்கும் அதில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

மீராசாவுக்கு லீவு முடிந்தது. ஊருக்குப் போய்விட்டான்.

வெட்டுகிற அன்று தலையை மழித்து, இரும்பு வளையத்தில் அசையாமல் இறுக்கி வைத்தார்கள். தோலுக்கு மட்டும் ஊசி. எலும்பு அறுக்கிற சத்தம் காதுக்குள் மரம் அரிகிற சத்தமாகக் கேட்டது. பச்சைத் துணியால் கூடாரம் கட்டி, அதற்குள் இமக்குலேற் முகத்துக்கு முகம் உட்கார்ந்திருந்தாள். கேட்ட பெயரை மட்டும் சொல்ல வேண்டும், வேறு கதை கதைக்கக்கூடாது, அசையக்கூடாது என்று நூறு தரம் சொல்லி வைத்திருந்தார்கள்.

"ஒண்டு? ஆர்ர வீடு?"

"மோதினார்ர வீடு."

"ரெண்டு?"

சபூறா நடந்தாள். படுத்துக்கொண்டே ஒழுங்கை முழுக்க நடந்தாள். வெற்றிலை வட்டா கையில் இருந்த மாதிரி இருந்தது அவளுக்கு. நாலாம் வீட்டில் ஒருமுறை பேச்சு நின்றது. வாய் திறந்திருக்கச் சொல் வரவில்லை. கம்பி எடுத்ததும் வந்தது. டொக்டர் அந்த இடத்தில் எண் போட்ட சின்னக் கடதாசித் துண்டை வைத்தார். பதினோராம் வீடு வரைக்கும் இன்னும் ஐந்து தரம் அப்படித்தான். பிறகு கம்பி கட்டியின் பின்பக்கம் வந்தது.

"பத்தொம்பது? ஆர்ர வீடு?"

சபூறா நாடியை உயர்த்தப் பார்த்தாள். இரும்பு விடவில்லை. யாராவது சொல்லுவார்கள் என்று காத்திருந்தாள். இமக்குலேற் கடதாசியைப் பார்த்தாள், பெயர் அங்கே எழுதித்தானே இருக்கிறது, சொல்லவில்லை. அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கம்பியை எடுத்து, அதே இடத்தில் மறுபடி வைத்தார்கள். "பத்தொம்பது?" மறுபடியும் எடுத்து, மறுபடியும் வைத்தார்கள். "பத்தொம்பது?" அந்த அறையில் எட்டுப் பேர் நின்றார்கள். எட்டுப் பேரில் அந்தப் பெயரை எடுத்துக்கொடுக்க அவளுக்கென்று ஒரு ஆள் இல்லை. உம்மு பக்கத்தில் இல்லாத தெருவில் தனியே நிற்கிறோம் என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. கண்ணீர் காதுக்குள் ஓடியது. ஓடுகிறதைத் துடைக்க முடியாமல் கை கட்டியிருந்தது.

"சரி அக்கா, அத விடுங்க" என்றாள் இமக்குலேற். டொக்டர் ஏழாம் எண் கடதாசியை வைத்தார்.

தலைக்கட்டோடு பன்னிரண்டு நாள் நன்றாக இருந்தாள். பதின்மூன்றாம் நாள் கஞ்சிக் கோப்பை கையிலிருந்து விழுந்தது. வாய் கோணியது, கை துடித்தது. முந்தியதைவிடச் சின்னதுதான், வந்தது வந்ததுதான். டொக்டர் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு கொப்பியை விரித்தார். அவளுடைய மூளையைப் பென்சிலால் கீறி, அதில் எண்கள் போட்டிருந்தார்.

இமக்குலேற் விரலை வைத்துக் காட்டினாள். "கட்டி முக்கால்வாசி எடுத்தாச்சி. இந்த ஏழாம் எண்ணில மட்டும் கொஞ்சத்த விட்டுட்டார். அதாலதான் திரும்ப வந்திருக்கு. அதையும் எடுத்திருந்தா உங்களுக்குக் கதை போயிருக்கும். மூண்டு தரம் தொட்டார், மூண்டு தரமும் உங்களுக்குக் கதை நிண்டுட்டு. பத்தொம்பதாம் வீடு, நினைவிருக்கா?"

சபூறா கொப்பியைப் பார்த்தாள், இமக்குலேற்றைப் பார்த்தாள், ஒன்றும் பேசவில்லை. பேச்சு நின்றது என்று பயந்து டொக்டர் அவளுடைய கையைப் பிடித்து நாடி பார்த்தார்.

இரண்டு நாள் அதை மனதுக்குள்ளேயே வைத்திருந்தாள். சொன்னால் மறுபடி தலையைத் திறப்பார்கள். சொல்லாவிட்டால் வலிப்போடு ஊருக்குப் போகலாம். கோழி இருக்கிறது, அடைத்த படலை இருக்கிறது. இதில் வெட்கம் வேறு. புருஷன் இருக்கிறார், ஆனால் மூன்று வருஷமாக இல்லை என்று யாரோ ஒரு தாதியிடம் எப்படிச் சொல்லுவது? அவரிடமிருந்து ஒரு கடிதம், ஒரு ஆள் மூலம் ஒரு வார்த்தை, ஒன்றும் வரவில்லை. பக்கத்துக் கட்டில் சிங்களப் பெண்ணுக்கு வாரத்தில் மூன்று நாள் புருஷன் தோடம்பழம் கொண்டுவந்தான். அவள் இரண்டைச் சபூறாவுக்குக் கொடுப்பாள். சபூறா வாங்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவாள்.

மூன்றாம் நாள் காலை இமக்குலேற் கட்டு மாற்ற வந்தபோது சொன்னாள்.

"மிஸ்ஸி, அண்டைக்கு எனக்குக் கதை நிக்கல்ல."

"என்னக்கா சொல்றீங்க?"

"நிப்பாட்டினது நான்தான். அது என்ட ஊட்டுக்காரர்ர பேரு. நாங்க சொல்ல மாட்டம். ஆராச்சும் பக்கத்தில நிண்டு சொல்லுவாங்க. அங்க ஒருத்தரும் சொல்லல்ல."

இமக்குலேற்றுக்கு விளங்க நேரம் எடுத்தது. விளங்கியதும் கத்தரிக்கோலைத் தட்டில் போட்டுவிட்டு அழுதாள். "எனக்குத் தெரியாதே அக்கா. எனக்கு ஒருத்தரும் சொல்லித் தரல்லையே." சபூறாதான் அவளுடைய தலையைத் தடவி விட்டாள். இப்படித்தான் நோயாளி தாதியைப் பார்த்துக்கொண்டாள் அன்று.

டொக்டர் கேட்டுவிட்டுப் பேனையை மேசையில் வைத்தார். பிறகு, பிழை தன்னுடையது, கம்பி வைக்காமலும் ஒரு தரம் கேட்டிருக்க வேண்டும் என்றாராம். இன்னொரு தரம் திறக்கலாம். ஆனால் ஒரு நிபந்தனை. அந்தப் பெயரை அவள் சொல்ல வேண்டும்.

"மற்ற நாப்பது ஊட்டையும் சொல்லிப்போட்டாப் போதாதா?" என்று கேட்டாள் சபூறா.

"கேட்டுப் பாத்தன் அக்கா. போதாதாம். உங்கட வழக்கமும் நிப்பாட்டியிருக்கலாம், கம்பியும் நிப்பாட்டியிருக்கலாமாம். நிண்ட சொல் எதுவோ அதே சொல் அதே இடத்தில வந்தாத்தான் கத்தி வைப்பாராம். இல்லாட்டித் தைச்சி மூடிருவாராம்."

நல்ல மனுஷர்தான், ஆனால் பிடித்தால் பிடிதான். சபூறாவுக்கு இப்போது வழி இரண்டே இரண்டு. சொன்னால் அவருடைய ஆயுள் குறையும். சொல்லாவிட்டால் அவளுடையது இப்படியே போகும். அவரை எண்ணி எண்ணித் திட்டிய வாய்தான் அது. "கள்ளன் வாறான் எண்டு சொல்லிப்போட்டு ஓடின பேயன்" என்று கோழியிடம் எத்தனை நாள் சொல்லியிருப்பாள். ஆனால் திட்டுவது வேறு, பெயர் சொல்லுவது வேறு. அன்று மதியம் ளுஹர் தொழுதுவிட்டு வெகு நேரம் கையேந்தியபடி இருந்தாள். மாலையில், "நான் சொல்றன்" என்றாள்.

மறுபடி இரும்பு, மறுபடி பச்சைக் கூடாரம். இந்தத் தரம் கம்பி வைக்காமல் முதலில் கேட்டார்கள்.

"பத்தொம்பது? ஆர்ர வீடு?"

வாய் காய்ந்து நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. இமக்குலேற் ஈரப் பஞ்சால் உதட்டைத் துடைத்தாள். ஒருவரும் எடுத்துக்கொடுக்கவில்லை. எடுத்துக்கொடுக்க இனி ஒருவரும் வரப்போவதும் இல்லை.

"பக்கீர்" என்றாள். மூச்சு வாங்கினாள். "பக்கீர் முகைதீன்ட வீடு."

பதினாறு வருஷம் பெண்டாட்டியாக இருந்தவள் அந்தப் பெயரைத் தன் குரலில் கேட்டது அதுதான் முதல் தரம்.

"நல்லம் அக்கா. இப்ப கம்பி வைப்பார். திரும்பச் சொல்லுங்க."

"பக்கீர் முகைதீன்ட வீடு."

ஒரு நூல் தள்ளி வைத்தார்கள். மறுபடி கேட்டார்கள். இன்னும் ஒரு நூல் தள்ளி. ஒன்பது தரம் கேட்டார்கள், ஒன்பது தரமும் தடங்கலில்லாமல் வந்தது. டொக்டர் ஏழாம் எண் வைத்திருந்த இடத்தில் கத்தி வைத்தார்.

"வலிக்குதா அக்கா? ஏன் அழுறீங்க?"

"வலிக்கல்ல மிஸ்ஸி." கொஞ்சம் பொறுத்துக் கேட்டாள்: "பத்துத் தரம் சொல்லிப்போட்டன். அவருக்கு ஒண்டும் ஆகாது, என்ன?"

"ஒண்டும் ஆகாது" என்றாள் இமக்குலேற். அவளுக்கு என்ன தெரியும்?

வலிப்பு பிறகு வரவே இல்லை. அதற்குப் பின் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தாள், பேச்சிலும் ஒரு சொல் குறையவில்லை. ஆனால் அன்றைக்கு அது அவளுக்குத் தெரியாது. ஒன்றரை மாதம் கழித்து மீராசா போய்க் கூட்டி வந்தான். கல்முனைச் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும், வீட்டுக்குப் போகிற குறுக்கு வழியில் திரும்பினான் அவன். சபூறா திரும்பவில்லை.

"எங்க ராத்தா போறீங்க? வெயில் கொளுத்துது."

"நீ போ. நான் இந்தா வாறன்."

மொட்டைத் தலையில் முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு பள்ளிவாசல் மூலையால் ஒழுங்கைக்குள் இறங்கினாள். வழியில் ஓரிரு பெண்கள் பார்த்தார்கள், ஒருத்தியும் படலையைத் திறக்கவில்லை. அவளும் நிற்கவில்லை. பத்தொன்பதாம் வீட்டுக்கு எதிர்ப்பக்கம் ஒரு பூவரச மரம். அதன் கீழே நின்று பார்த்தாள். பெயரைச் சொன்ன நாள் முதல் கொழும்புக் கட்டிலில் கிடந்து பயந்த பயம் நெஞ்சில் அடித்தது.

பக்கீர் முகைதீன் கடைக்குள் இருந்தார். கொஞ்சம் உடம்பு வைத்திருந்தார். பிளேன்ரீயை ஆற்றி ஆற்றிக் குடித்துக்கொண்டு யாரோ ஒருவரிடம் சாரத்தை விரித்துக் காட்டிச் சிரித்தார். ஆளுக்கு ஒரு தும்மல் கூட இல்லை.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள் சபூறா. அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவளும் கூப்பிடவில்லை; தன் வீட்டைத் திறக்கப் போனாள்.